உறவினர் எவரேனும் உண்டா

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் 'ஸ்கேல் சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் 'ஸ்கேல்'. சான்றிதழ் பிரிவில் முப்பத்து மூன்று வருடமாக இருக்கிறேன். எந்தத் தாள் வந்தாலும் ஓரடி ஸ்கேலை எடுத்து வரிக்குக் கீழே வைத்துப் படிப்பேன். ஒரு வரி சரி என்றால்தான் ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். பிறந்த தேதியில் ஒரு எண் தப்பிப் போனாலும் ஒரு பிள்ளை விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்க வேண்டி வரும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும். இப்போது சொல்வதை விட்டுவிட்டேன்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகளின் தாள்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அந்தப் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்கும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. மூன்றில் மலையளவு வாங்கி ஒன்றில் சறுக்கினாலும் கதவு திறக்காது; ஒவ்வொன்றிலும் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று போட்டிருப்பார்கள். சில இடங்களில் மட்டும் தேர்வுக்குப் பதிலாக ஒரு கடிதம் போதும். 'இவர் எங்கள் கல்லூரியில் படித்த படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது, தேர்வுகளும் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டன' என்று கல்லூரி எழுதித் தர வேண்டும். மொத்தமே இரண்டு வரி. முதல்வரின் கையெழுத்து, கல்லூரி முத்திரை, பிறகு எங்கள் அலுவலகத்திலிருந்தே நேராக அவர்களுக்கு மின்னஞ்சல். பிள்ளை கையில் கொடுத்தனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.

வருடத்துக்கு நாற்பது ஐம்பது கடிதம் இப்படி அனுப்புவோம். கடிதத்தின் மாதிரி கணினியிலேயே இருக்கிறது. பெயர், பதிவு எண், வருடம், மூன்றையும் மாற்றினால் முடிந்தது. காலையில் விண்ணப்பம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் போய்விடும். கவுண்டரில் வந்து நச்சரிப்பவர்களுக்கு மதியமே போய்விடும்.

அந்த விண்ணப்பத்தில் ஒன்பது கட்டங்கள். ஒன்பதாவது கட்டம்: 'இக்கல்லூரி ஊழியரில் உறவினர் எவரேனும் உண்டா?' அதைச் சேர்த்ததே நான்தான். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் தன் மைத்துனருக்குப் படிக்காத பாடத்துக்குச் சான்று கொடுத்து, அது வெளியே தெரிந்து, அலுவலகமே நாறிப்போயிற்று. நான் வந்ததும் ஒரு வழக்கம் வைத்தேன். 'ஆம்' என்று யாராவது எழுதியிருந்தால், அந்த ஊழியர் அந்தத் தாளைத் தொடக்கூடாது. மேலே சிவப்பு மையில் 'என் வழியாக வேண்டாம்' என்று எழுதி அடுத்த மேசைத் தட்டில் வைத்துவிட வேண்டும். முதல்வர் அதைப் பாராட்டி எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை விட்டார். அந்தச் சுற்றறிக்கை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பல வருடமாக இருந்தது.

இனி பொடிசைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொடிசு என் தம்பி மகள். தம்பி பேருந்து ஓட்டுநர். இது நடந்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது, என்னைவிட அரை விரல் உயரம், ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பொடிசுதான். எங்கள் கல்லூரியிலேயே வேதியியலில் முதுகலை வரை படித்து இரண்டு முறையும் முதலிடம். எனக்கோ பிள்ளை கிடையாது. அதனால் அவள் மதிப்பெண் பட்டியலுக்கு ஸ்கேல் வைத்துப் பார்ப்பது எனக்குத் திருவிழா மாதிரி. தப்பு கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இருக்காது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். ஒரு சொல்லின் வாசலில் நின்றுகொண்டு கதவைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியாமல் இல்லை, எதிரே நிற்கிறவர்களுக்குத்தான் பொறுமை இல்லை. அதில் முதல் ஆள் நான். அவள் 'பெ...' என்னும்போதே 'பென்சிலா? இந்தா' என்று கொடுத்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பல தடவை சொன்னாள், அவள் பேசி முடிக்கட்டுமே, உங்களுக்கு என்ன ரயிலா போகப்போகிறது என்று. கேட்டேனா?

ஆங்கிலத் தேர்வு எழுதினாள். படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் அவள் வாங்கியதைப் பார்த்து நானே இரண்டாம் முறை ஸ்கேல் வைத்தேன். பேசும் பகுதியில் எதிரே மனிதர் கிடையாது. ஒலிவாங்கி, திரையில் ஒரு கேள்வி, கீழே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். நாற்பத்தைந்து வினாடி. அவள் முதல் சொல்லின் வாசலில் நிற்கும்போதே பாதி நேரம் தீர்ந்துவிட்டது. வேண்டிய எண்ணுக்கு மூன்று குறைந்தது. கூடுதல் நேரம் கேட்கலாமாம், ஆனால் மருத்துவர் சான்றோடு பல வாரங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அதற்கெல்லாம் அப்போது நாள் இல்லை.

ஏனென்றால் இடம் ஏறக்குறைய கையில் இருந்தது. அங்கே ஒரு பேராசிரியர், குடிதண்ணீரில் கலக்கும் உலோகங்களைப் பற்றி ஆராய்கிறவர், அவளுடைய கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு முறை கணினித் திரையில் அவளோடு பேசியிருந்தார். தன் ஆய்வுக்கூடத்துக்கு அவளே வேண்டும் என்று துறைக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். சேர்க்கை அலுவலகம் மட்டும் ஆங்கிலத்துக்கு ஒரு தாள் கேட்டது, தேர்வு மதிப்பெண் அல்லது கல்லூரிக் கடிதம், இருபதாம் தேதிக்குள். அவள் அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்த அன்று முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பேராசிரியர் எப்படி என்று என் மனைவி கேட்டாள்.

"அவரு என்னைப் பே... பேசி முடிக்க விட்டாரு, பெரியம்மா" என்றாள்.

எங்கேயோ இருக்கிற மனிதர் இரண்டு நாளில் செய்ததை நான் இருபது வருடமாகச் செய்யவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. 'கடிதம்தானே, ஆபீசில் கொண்டுவந்து கொடு' என்றேன், பெரிய மனுஷத்தனமாக.

இரண்டாம் தேதி காலை கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஸ்கேலை ஒவ்வொரு வரியாக இறக்கினேன். ஒன்பதாவது கட்டத்தில் 'ஆம். என் பெரியப்பா, சான்றிதழ் பிரிவு மேற்பார்வையாளர்' என்று எழுதியிருந்தாள். கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது உண்மை.

அந்த நேரம் பார்த்துக் கணக்குப் பிரிவுக்காரர் அங்கே நின்றார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுப் பொண்ணுக்கு என்ன சார், மத்தவங்கதான் வரிசையில நிக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன், அவர் கண் முன்னாலேயே 'என் வழியாக வேண்டாம்' என்று எழுதி, அடுத்த மேசை அம்மாவின் தட்டில் வைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு போனார். அன்று முழுவதும் எனக்கு ஒரே திருப்தி.

அடுத்த மேசை அம்மா எங்கள் தட்டச்சர். தங்கமான மனுஷி. அன்று மதியமே அவருடைய மகளுக்குப் பிரசவ வலி என்று செய்தி வந்து, போட்டது போட்டபடி கிளம்பிப் போனார். பதினேழாம் தேதி வரை விடுப்பு. விடுப்பில் போகிறவர் தன் தட்டை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். பிரிவில் இருப்பதே மூன்று பேர், அதில் ஒருவர் கவுண்டரை விட்டு எழ முடியாது. ஒப்படைப்புத் தாளில் அந்த அம்மா என் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார்.

ஆக, நான் தொடக்கூடாத தாள், என் பொறுப்பில் இருக்கிற தட்டில். சிரிப்பு வருகிறதா? எனக்கும் அன்று லேசாகச் சிரிப்புதான் வந்தது. தினமும் காலையில் அந்தத் தட்டை என் மேசைக்கு நகர்த்துவேன். மேலே இருக்கும் பொடிசின் விண்ணப்பத்தை எடுத்து ஓரமாக வைப்பேன். கீழே இருப்பதையெல்லாம் முடிப்பேன். சாயங்காலம் அவள் விண்ணப்பத்தை மறுபடி தட்டில் வைத்து, தட்டை அந்த அம்மா மேசைக்கே நகர்த்திவிடுவேன். அந்த இரண்டு வாரத்தில் அதே மாதிரிக் கடிதம் ஏழு அனுப்பினேன். அதில் ஒரு பையன் என்னை 'அங்கிள், அங்கிள்' என்று பிய்த்தெடுத்தே வாங்கிக்கொண்டு போனான். ஏழு பேரில் ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை.

முதல்வரிடம் போய், 'ஐயா, இது என் தம்பி மகள் தாள், வேறு பிரிவில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் சொந்தக்காரருக்காக நான் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. அதை ஒரு சொத்து மாதிரி வைத்திருந்தேன். இருபதாம் தேதிதானே, அந்த அம்மா பதினெட்டாம் தேதி வந்ததும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பதினேழாம் தேதி அந்த அம்மா தொலைபேசியில் பேசினார். பேரன் பிறந்திருக்கிறான், எடை குறைவு, இன்னும் ஒரு வாரம் விடுப்பு வேண்டும். வாழ்த்துச் சொன்னேன். குழந்தை யார் ஜாடை என்றுகூடக் கேட்டேன். போனை வைத்த பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

பதினெட்டாம் தேதி காலையில் பொடிசு என்னைக் கூப்பிட்டாள். அவள் போனில் பேசவே மாட்டாள், எதுவானாலும் எழுதித்தான் அனுப்புவாள். கூப்பிட்டிருக்கிறாள் என்றால் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! எனக்கு அது தோன்றவில்லை. "பெரியப்பா, அந்த லெ... லெ..." என்றாள்.

"லெட்டர்தானே? அதெல்லாம் நடந்துக்கிட்டு இருக்கு. நீ பெட்டி படுக்கையைக் கட்டு" என்றேன்.

இன்னும் ஏதோ கேட்க முயன்றாள். நான் சரிம்மா, வேலை இருக்கு என்று வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். போனேன் என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கணக்குப் பிரிவுக்காரர் உட்கார்ந்து ஏதோ கோப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே செருப்பைக்கூட அசைக்காமல் நின்றேன். இந்த ஆள் எதிரில் போய் என் வீட்டுப் பெண்ணுக்காகக் கேட்பதா? அப்புறம் வரலாம் என்று திரும்பினேன். மதியம் இரண்டு மணிக்குப் போனபோது முதல்வர் வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பியாயிற்று. மூன்று நாள் கழித்துத்தான் வருவாராம். அவர் கையெழுத்து இல்லாமல் கடிதம் செல்லாது.

அன்றைக்கும் மறுநாளும் நான் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருந்தால் கடிதம் போய்விடுமா? வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

முதல்வர் இருபத்தொன்றாம் தேதி காலை வந்தார். சுற்றறிக்கை, வழக்கம், கணக்குப் பிரிவுக்காரர், எல்லாவற்றையும் தூக்கிக் கடாசிவிட்டு முதல் ஆளாய் உள்ளே போனேன். அவர் பாதிகூடக் கேட்கவில்லை. 'இதற்கு ஏன் சார் இவ்வளவு நாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அனுப்பியிருப்பேனே' என்று கையெழுத்துப் போட்டார். ஒன்பதேகாலுக்குக் கடிதம் போய்விட்டது. மறுநாள் பதில் வந்தது, மிக மரியாதையான பதில். காலக்கெடு முடிந்ததால் விண்ணப்பம் மூடப்பட்டது, அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம். அடுத்த ஆண்டு அந்தப் பேராசிரியருக்கு ஆள் தேவைப்படவில்லை. வரிசையில் அடுத்து இருந்தவரை அப்போதே எடுத்துக்கொண்டிருந்தார்.

தம்பி வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். தம்பி சட்டை மாற்றிக்கொண்டு பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "விடுங்கண்ணே. உங்களுக்கு உங்க வேலை" என்றான். அடித்திருந்தால் தேவலை. அவன் மனைவி எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொடிசு உள்ளே இருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் தினமும் கவுண்டர்ல வந்து கேட்டிருக்கணும், பெரியப்பா. நீங்க உள்ள இ... இ..."

"இருக்கேன்னு" என்றேன் நான்.

ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தச் சொல்லையும் நான் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்பது படி இறங்கும்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் எப்போதும் போலச் சத்தம் போடவில்லை. "உங்க நேர்மையால யாருக்கு என்ன ஆச்சு? உங்களுக்கு நல்ல பேரு. அவளுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

சுற்றறிக்கையைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம். பொடிசு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். புட்டிகளில் சீட்டு ஒட்டி, எண் எழுதி, இயந்திரத்தில் வைத்து எடுக்கிற வேலை. முதலிடம் வாங்கியவள் செய்கிற வேலையா அது! நல்ல நாள் பெரிய நாளில் பார்த்துக்கொள்வோம். மரியாதைக்குக் குறைவே இருக்காது. 'சாப்டீங்களா பெரியப்பா' என்பாள். அதற்கு மேல் ஒரு வாக்கியமும் என்னிடம் அவள் ஆரம்பித்ததில்லை, நான் முடித்துவிடுவேன் என்றுதானோ என்னவோ.

இரண்டு வருடம் ஓடியது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கவுண்டரில் இருக்கிறவர் தேநீர் குடிக்கப் போனார். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வரிசையில் ஆறேழு பேர். நாலாவதாகப் பொடிசு நின்றிருந்தாள், வேலைக்குப் போகிற சேலையில், கையில் ஒரு தாளோடு. எனக்குப் பதறிவிட்டது. எழுந்து, பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே வாம்மா என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முன்னால் நின்ற மூன்று பேரையும் முடித்தேன். எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அவள் முறை வந்தது. தாளைத் துவாரத்தின் வழியே தள்ளினாள்.

"சார்" என்றாள். "எனக்கு இந்த க... க..."

கடிதம் என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் தொண்டையைச் செருமினார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவசரப்படவில்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. அந்தச் சொல்லைத் தள்ளித் தள்ளித் திறந்து வெளியே வந்தாள்.

"...கடிதம் இன்னைக்கே போகணும். போனதை என் கண்ணால பார்க்காம நான் இங்கிருந்து போ... போக மாட்டேன்."

ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். இருபத்தாறு வயதுப் பெண் திக்கிய சொல்லை என்னிடம் தானே முடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல குரல் அவளுக்கு.

தாளை எடுத்து ஸ்கேலை வைத்தேன். இந்த முறை வேறு பல்கலைக்கழகம், வேறு பேராசிரியர், கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பெயர் சரி. பதிவு எண் சரி. படித்த வருடங்கள் சரி. அதே அச்சுக் கையெழுத்து. ஸ்கேல் கடைசிக் கட்டத்துக்கு இறங்கியது. 'இக்கல்லூரி ஊழியரில் உறவினர் எவரேனும் உண்டா?'

'இல்லை' என்று எழுதியிருந்தாள். கட்டத்துக்குள் நிறைய இடம் மீதி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை, அது இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அங்கே உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினேன். 'உட்காருங்கள்' என்றுதான் வந்தது.

கடிதத்தை நானே அச்செடுத்தேன். முதல்வர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டே யாருக்கு என்று கேட்டார்.

"பழைய மாணவி, சார்" என்றேன்.

முத்திரை வைத்து, கணினியில் ஏற்றி, திரையை அவள் பக்கம் திருப்பி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். போய்விட்டது என்று வந்த செய்தியை அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். பதிவேட்டில் கையெழுத்திட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆனது.

சாயங்காலம் அன்றைய விண்ணப்பங்களைக் கோப்பில் சேர்க்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'விவரங்கள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன' என்று ஒரு வரி இருக்கும், அதன் கீழே நான் கையெழுத்திட வேண்டும். பொடிசின் தாள் வந்ததும் ஒன்பதாவது கட்டத்துக்குக் கீழே மறுபடியும் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். தப்பான விவரத்தை முப்பத்தொரு வருடத்தில், இந்த இரண்டையும் சேர்த்து முப்பத்து மூன்று வருடத்தில், நான் ஒருமுறைகூட விட்டதில்லை. சிவப்புப் பேனா பக்கத்திலேயே இருந்தது. ஸ்கேலை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன்.